கானுக்கு மேல் அந்தோனியார்

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த லேன் நடுவில் பள்ளம். ரோட்டுப் பக்கம் உயரம், பின்னால் ஸ்டோர் மதில் பக்கமும் உயரம். மழை பெய்தால் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஓடி வந்து நடுவில் கூடும். அந்த நடுவில்தான் என் மாமியின் வீடு இருந்தது. மாமி அப்பாவின் தங்கை. லேன் தொடங்கும் இடத்தில், ரோட்டைப் பார்த்தபடி, அப்பாவின் அண்ணனான பெரியப்பாவின் வீடு. அதன் மேல்மாடியில் நாங்கள். ஆகவே ஒரே குடும்பத்துக்குள் மழையைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. பெரியப்பாவுக்கு மழை என்றால் வெக்கை குறைந்தது. மாமிக்கு மழை என்றால் கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கிற வேலை.

தண்ணீர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது கான் தண்ணீர், சாக்கடை. அதில் என்னென்ன மிதந்து வரும் என்று எழுதினால் நீங்கள் இன்று சாப்பிட மாட்டீர்கள். லேனின் ஓரமாக, எந்தக் காலத்திலோ புதைத்த ஒரு ஒடுங்கிய குழாய் வழியாக, அது மெல்ல மெல்ல ரோட்டுக் கானுக்கு வடியும். பின்னேரம் ஏறினால் காலையில் இறங்கியிருக்கும். மாமி விடிய எழும்பி, டெட்டோல் போட்டு வீடு முழுக்கக் கழுவுவார். வருசக்கணக்காக அப்படித்தான் நடந்தது. பிறகு மாமாவின் காலில் புண் வந்தது.

மாமாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. செருப்பு கடித்த காயம் ஆறாமல் ஆழமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டொக்டர் மாமியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: இந்தப் புண்ணில் ஊத்தைத் தண்ணீர் பட்டால் காலை எடுக்க வேண்டி வரும். அன்றிலிருந்து மாமி வானத்தைப் பார்த்தே வாழ்ந்தார். இடி கேட்டால் போதும், செய்கிற வேலையை விட்டுவிட்டு ஓடிப்போய் மாமாவின் காலை சொப்பிங் பேக்குகளால் சுற்றி, கதிரையின் மேல் தூக்கி வைப்பார். மாமா அதைப் பகிடியாக்குவார். தன் கால் பார்சலாகி வெளிநாடு போகப் போகிறது என்பார். மாமி சிரிக்க மாட்டார்.

அந்தச் சமயத்தில்தான் மாநகர சபை எங்கள் லேனைக் கண்டுபிடித்தது. யுத்தம் முடிந்து, கொழும்பை அழகாக்குகிறோம் என்று மூலை முடுக்கெல்லாம் கிண்டிக்கொண்டிருந்த காலம். எங்கள் லேனுக்கு ஆழமான, மூடிய கான் ஒன்று வரப்போகிறது என்று சொன்னார்கள். பள்ளத்தில் தொடங்கி, மேட்டை ஆழமாக வெட்டி, நேராக ரோட்டுக் கானில் போய்ச் சேரும். அளக்க வந்தவர்களுக்கு மாமி பிளேன்டீயும் கிரீம் கிரேக்கரும் கொடுத்தார். அவர் சந்தோசத்தில் பாட்டுப் பாடியதை நான் முதன்முதலில் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் அந்தக் கான் போக வேண்டிய வழியில் பெரியப்பா இருந்தார். பெரியப்பா என்றால், வீட்டின் முன்பக்கத்தில் இருந்த அவருடைய கொமியூனிகேஷன் கடை. போட்டோக்கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம் எல்லாம் அங்கே. அந்தக் கடையின் முன்பாதி சபையின் நிலத்தில் நின்றது என்பது லேனில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்வதில்லை. எதிர்ப்பக்கத்தில் கொத்துரொட்டிக் கடை போட்டிருந்த முஸ்லிம் நானாவின் ரொட்டிக் கல்லும் அப்படித்தான் ஒவ்வொரு வருசமும் ஒரு சாண் முன்னுக்கு நகர்ந்து வந்திருந்தது. அளந்தவர்கள் இருவரின் சுவரிலும் சிவப்புப் பெயின்ற்றால் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பெரியப்பாவின் கோடு போட்டோக்கொப்பி மெசினுக்கு நடுவால் போனது.

அன்று பின்னேரம் நான் கடைக்குள் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாமி வந்து நின்றார். தன் அண்ணனின் கடைக்குள்ளேயே அவர் உட்காரவில்லை.

"அண்ணை, அவற்ரை கால்..." என்று தொடங்கினார்.

பெரியப்பா காசு லாச்சியைத் திறந்து மூடினார். "கால் எனக்குத் தெரியாதே? என்ரை தங்கச்சியின்ரை புருசன். ஆனா நான் உனக்குச் சீதனமாத் தந்த வீட்டிலதானே இருக்கிறாய். இன்னும் உன்ரை பேருக்கு எழுதேல்லை. அதை மட்டும் மறந்திடாதை."

மாமி தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குப் பெரியப்பாவை நினைக்கப் பெருமையாக இருந்தது. தங்கச்சிக்கு வீடே கொடுத்த மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன்.

யோசனை யாருடையது என்று இன்றுவரை சண்டை. நானாவோடு பெரியப்பா கதைத்துக்கொண்டிருந்தபோது பிறந்தது என்பது மட்டும் நிச்சயம். கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இங்கே அந்தோனியாருக்குப் பயப்படாத ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் பாருங்கள், சைவக்காரர், முஸ்லிம்கள், பன்சலைக்குப் போகிற பௌத்தர்கள் எல்லோரும் மெழுகுதிரியோடு வரிசையில் நிற்பார்கள்.

"அந்தோனியார் மேல கை வெக்கிய எஞ்சினியர் இன்னும் பொறக்கல்ல, அய்யா," என்றார் நானா.

பெரியப்பா அன்றே போய் ஒரு அந்தோனியார் சுருவம், அதுதான் சிலை, வாங்கி வந்தார். கையில் பாலன், காலடியில் லீலிப்பூ, எல்லாம் சரியாக இருந்தது. கான் வெட்ட வேண்டிய இடத்தில், கடைக்கு முன்னால், சீமெந்துப் பீடம் கட்ட மேசன் வந்தான். அத்திவாரம் கிண்டும்போது மண்வெட்டி டங்கென்று எதிலோ பட்டது. ஏதோ பழைய குழாய் போகுது, என்ன செய்ய என்று கேட்டான். பெரியப்பா அவசரத்தில் இருந்தார். கொங்கிரீட்டைப் போட்டு மூடச் சொன்னார். கண்ணாடிப் பெட்டி, நீல பல்ப், உண்டியல் என்று எல்லாம் இரண்டு நாளில் முடிந்தது. பங்குச் சுவாமியாரைக் கூப்பிடவில்லை. அவர் வந்தால் தேவையில்லாத கேள்வி கேட்பார் என்று பெரியப்பாவே தீர்த்தம் தெளித்தார்.

சபையின் ஆட்கள் வந்த காலையை என்னால் மறக்க முடியாது. எனக்கு அன்று பள்ளிக்கூடம் இல்லை என்று பெரியப்பா முடிவு செய்திருந்தார். கோயிலில் முதல் நன்மை வாங்கத் தைத்த வெள்ளைச் சட்டையை அம்மா எனக்குப் போட்டுவிட்டார். அது இரண்டு வருசத்துக்கு முந்தியது, கைமடிப்பு இறுக்கிப் பிடித்தது. கையில் எரிகிற மெழுகுதிரி. பீடத்துக்கு முன்னால் என்னை நிற்க வைத்து, அசையக் கூடாது என்று பெரியப்பா சொன்னார். எனக்குப் பின்னால் லேன் முழுவதும் நின்று செபமாலை சொன்னது. நானாவும் கடையை மூடிவிட்டுத் தொப்பியோடு வந்து நின்றார்.

மண் வெட்டுகிற பெக்கோ மெசின் ரோட்டால் திரும்பி என்னைப் பார்த்தபடி நின்றது. அதன் கை மேலே தூக்கியிருந்தது. எஞ்சின் அதிர்வு என் செருப்பு வழியாக ஏறியது. மெழுகு உருகி விரலில் விழுந்தது, சுட்டது, நான் அசையவில்லை. இரண்டு பொலிஸ்காரர்கள் இறங்கினார்கள். சுருவத்தைக் கண்டதும் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். மெசின் ஓட்டுகிறவன் நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டான். பெரியப்பாவின் மூச்சு எனக்குப் பின்னால் பெரிதாகக் கேட்டது.

எஞ்சினியர் இளம் ஆள். அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், காட்டவில்லை. அளக்க வந்த நாளிலேயே மாமியின் வீட்டையும் மாமாவின் காலையும் பார்த்திருந்தார். கூட்டத்துக்குள் கண்ணால் தேடி, கடைசியில் நின்ற மாமியைக் கண்டுபிடித்துவிட்டார். சிங்களத்தை விட்டு, உடைந்த தமிழில் கேட்டார்.

"அக்கா, ஒங்க வீட்டுக்குத்தானே தண்ணி வாறது. நீங்க சொல்லுங்க. கான் வேணுமா, வேணாமா? நீங்க வேணும் சொன்னா, நான் ஃபாதர்கிட்ட கதைச்சு இந்தச் சிலையைக் கவனமா அந்தப் பக்கம் வைக்கிறது."

செபமாலை நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். நானும் அசையக் கூடாது என்பதை மறந்து திரும்பினேன். மாமியின் முகத்தில் ஒரு கணம் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். வாய் திறந்தது. பிறகு அவர் கண் எஞ்சினியரைத் தாண்டி எனக்குப் பின்னால் நின்ற பெரியப்பாவிடம் போனது. பெரியப்பா சேர்ட் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். அப்பா தன் கால் பெருவிரலைப் பார்த்தபடி நின்றார்.

"வேண்டாம் சேர்," என்றார் மாமி. "அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

பெரியப்பா மூச்சை விட்டார். எஞ்சினியர் கையைக் காட்டினார், மெசின் பின்னுக்குப் போனது. லேன் கைதட்டியது. பெரியப்பா என்னைத் தூக்கி, நீதான் எங்களின் பட்டாளம் என்று கன்னத்தில் கொஞ்சினார். அன்று நானாவின் கல்லில் எல்லோருக்கும் கொத்து. எனக்கு முட்டை இரண்டு. மாமி வரவில்லை, தலையிடி என்று அம்மா சொன்னார்.

மழை அடுத்த மாதம் வந்தது. நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது இருட்டிக்கொண்டு நின்றது, வீட்டுக்குள் நுழைய முதல் கொட்டத் தொடங்கிவிட்டது. மேல்மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். வழக்கமாக மாமியின் வாசற்படியில் நின்று யோசிக்கும் தண்ணீர் அன்று யோசிக்கவே இல்லை. படி, கதவு, ஜன்னல் என்று ஏறியது. வடிகிற சத்தம் எங்கேயும் இல்லை. பெரியப்பா கட்டிய பீடம் பழைய குழாயின் வாயில் கொங்கிரீட்டை நிரப்பியிருந்தது என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை. நீல பல்ப் மட்டும் மழையிலும் அணையாமல் எரிந்தது.

அப்பாவும் நானாவும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். அம்மா சுவரைப் பிடித்தபடி மாமியின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே மின்சாரம் இருக்கிறது, மெயின் சுவிட்சை நிறுத்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். கடைசியில் மாமாவைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். மாமி பக்கத்தில் நடந்து வந்தார், மாமாவின் காலைத் தன் தோளுக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி. சொப்பிங் பேக் கிழிந்து தொங்கியது. உள்ளே இருந்து கறுப்புத் தண்ணீர் சொட்டியது. மாமா அன்று பகிடி ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் வடிய மூன்று நாள் எடுத்தது. அப்பா கம்பியால் குத்திப் பார்த்துத்தான் குழாய் அடைபட்டதைக் கண்டுபிடித்தார். பெரியப்பாவிடம் போய்ச் சொன்னார். இந்த மழை எல்லா இடத்தையும்தான் மூடியது, களனி ஆற்றுப் பக்கம் போய்ப் பார் என்றார் பெரியப்பா. அப்பா மேலே வந்து சாப்பிடாமல் படுத்தார். கோபத்தைக் காட்ட அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான், அதுவும் பெரியப்பாவின் மேல்மாடியில்.

மாமாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

எனக்கு அதை ஒழுங்காக யாரும் சொல்லவில்லை. மாமாவுக்குச் சின்ன ஒப்பரேஷன் என்றுதான் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வாட்டில் மாமா நித்திரை. மாமி ஸ்டூலில் இருந்தார். போர்வை ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தட்டையாகவும் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க ஒரு மாதிரி இருந்தது, ஆகவே பார்க்காமல் மாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் வாடிப்போய் இருந்தார். அவரைச் சந்தோசப்படுத்த வேண்டும் என்று எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. என்னிடம் ஒரு செய்தி இருந்தது. காலையில்தான் பெரியப்பா கடையில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, தெரியுமே," என்றேன். "முனிசிப்பல்காரர் இனி வரவே மாட்டினமாம். எங்கடை லேனுக்கு வைச்ச கானை வேற லேனுக்குக் குடுத்திட்டினமாம். எங்களுக்குத்தான் வெற்றியாம், நாங்கள் வெண்டிட்டம்."

மாமி என்னையே பார்த்தார். பிறகு என் தலையைத் தடவினார்.

"ஓம் குஞ்சு," என்றார். "வெண்டிட்டம்."

அம்மா என் மேற்கையைப் பிடித்துக் கிள்ளினார். சும்மா கிள்ளு இல்லை, தோல் பிய்கிற கிள்ளு. தரதரவென்று வெளியே இழுத்துப் போய் நடைபாதையில் விட்டார். நல்ல செய்தி சொன்ன பிள்ளையை எந்தத் தாயாவது கிள்ளுவாளா என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மாவும் அழுதுகொண்டிருந்தார். பிள்ளையை நோகடித்துவிட்டோமே என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். அப்படியே இருக்கட்டும் என்று, பஸ்ஸில் கொட்டாஞ்சேனை வரும்வரை அவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை.