அக்கா கூடாது என்றார்கள்

மங்கம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. உத்திரமேரூரை ஒட்டிய அவள் கிராமத்தில், நிலம் வைத்திருக்கிற தெருவில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடாத வாய் கிடையாது. மூக்கு ஒழுகுகிற பொடிசுகூட "மங்கம்மா, நைனா உன்ன நடவுக்கு வரச் சொல்லுச்சு" என்று அதட்டும். அவளோ அந்தத் தெருவில் எல்லோருக்கும் 'அய்யா' போட வேண்டும். என்ன அநியாயம் இது!

ஐந்து வருஷத்துக்கு முன் வெளிநாட்டுக் கம்பெனியின் பஸ் ஊருக்குள் வந்தது. மங்கம்மா பேக்கிங் லைனில் சேர்ந்தாள். முதல் நாளே ஒரு பெண், "அக்கா, அந்த டேப்பை எடுங்க" என்றாள். வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று மங்கம்மா திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து லைன் முழுக்க அவள் அக்காதான்.

போன வருஷம் திவ்யாவும் அதே லைனுக்கு வந்தாள். மங்கம்மா இருபது வருஷம் நாற்று நட்டாளே, அந்த வயலுக்குச் சொந்தக்காரர் வேதகிரியின் மகள். ஒரு வாரம் முழித்துவிட்டு, லைனோடு சேர்ந்து அவளும் அக்கா என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் மட்டும் அந்த வார்த்தை வாயில் வராது. எட்டு மணி நேரமாவது வருகிறதே என்று மங்கம்மா பேசாமல் இருந்தாள்.

அதற்கும் வந்தது கேடு. எச்.ஆர். அரவிந்தன் கூட்டம் போட்டார். "இனிமே அக்கா, அண்ணா, சார் எதுவும் கூடாது. எல்லாரும் சமம். ஹெட் ஆபீஸ்ல முதலாளியையே பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க. திவ்யா, எங்க, அவங்களைக் கூப்பிடுங்க பாக்கலாம்."

"மங்கம்மா," என்றாள் திவ்யா. திக்கவே இல்லை. பழகின வாய்தானே! எல்லோரும் கைதட்டினார்கள்.

மங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் சமம்? பேர் சொல்லிக் கூப்புட எங்க ஊரே போதுமே! கொயந்தகூட அப்டித்தான் கூப்புடுது. மருவாதியா கூப்புட ஒரே ஒரு எடம் கெடச்சுது. அதையும் புடுங்கிக்கினு சமம்னு சொல்றீங்களே!"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க. நீங்களும் யாரை வேணாலும் பேர் சொல்லலாம்."

"யார வேணாலுமா?"

"யாரை வேணாலும்."

மறுநாள் காலை வேதகிரி தன் மகளைப் பைக்கில் கொண்டுவந்து ஸ்டாப்பில் இறக்கினார். "இன்னா மங்கம்மா, பஸ் வந்துச்சா?"

மங்கம்மாவின் மாமியார் வேதகிரியின் அப்பா முன்னால் 'ஆண்டே' என்று குனிந்து நின்ற அதே இடம்.

"இன்னும் வர்ல, வேதகிரி."

எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேதகிரிக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாடி சொன்ன?"

"கம்பெனி ரூலு. எல்லாரும் சமமாம். நேத்து உம்பொண்ணு இதுக்குத்தான் கைதட்டு வாங்கிச்சு. வூட்ல சொல்லலியா?"

மங்கம்மா நகரவில்லை. வேதகிரி பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கினார். திவ்யா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"வுடு நைனா! நான்தான் மொதல்ல பேர் சொல்லிக் கூப்ட்டேன்." அப்புறம் திரும்பி, "பஸ் வந்துடுச்சு. வாங்கக்கா" என்றாள்.

ஊருக்குள்ளே, அப்பன் காதுபட. மங்கம்மா டிபன் பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினாள்.