மோட்டார் சத்தம் பிடிக்கத் தேர்வாய் கண்டிகைக்கு

நான் திருநின்றவூரில் இருந்துகொண்டு வெப்சைட் செய்து பிழைப்பவள். தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலைக்கு, புதிதாக வேலைக்குச் சேர்பவர்கள் போனில் கேட்டுப் பழக ஒரு பக்கம் செய்திருந்தேன். நல்ல மோட்டார் எப்படி ஓடும், பேரிங் போன மோட்டார் எப்படிக் கத்தும் என்று காட்டும் பக்கம். இணையத்தில் கிடைத்த சத்தங்களைப் போட்டதுதான் வம்பு. "இன்னா மேடம், மிக்சி ஓடுது?" என்று தொழிலாளர்கள் சிரித்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் நிஜ சத்தம் வராவிட்டால் அந்தப் பக்கமே வேண்டாம் என்றார் மேலாளர். இரண்டு மாத உழைப்பு! விடுவேனா? வியாழக்கிழமை ரெக்கார்டரோடு கிளம்பிவிட்டேன்.

காலை 6.40 மின்சார ரயில். சென்ட்ரலில் மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது 9.15. டிக்கெட் 20 ரூபாய். அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 350. பேரம் பேசிப் பார்த்தேன். "ரிட்டன்ல காலியாதான் வரணும் மேடம்" என்றார் ஓட்டுநர். நியாயம்தான், ஏறிக்கொண்டேன்.

உள்ளே போனால் ஒரே அமைதி. எல்லா மெஷினும் நின்றிருந்தது. பத்து வருடமாக அங்கே பெரிய மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டெல்லா அக்கா பெருமையாகச் சொன்னார்: "ரெக்கார்டிங்னு சொன்னாங்க, அதான் எல்லாத்தையும் நிறுத்திக்கினு ஒக்காந்துகினு கீறோம். போன மாசம் வீடியோ எடுக்க வந்தவங்க அப்டித்தான் கேட்டாங்கோ."

"ஐயோ அக்கா, அந்தச் சத்தத்துக்குத்தானே நான் வந்திருக்கேன்!"

சிரித்துக்கொண்டே ஓட விட்டார்கள். முதல் பதிவு பாழ். ரெக்கார்டரில் சத்தம் மிஞ்சினால் எரியும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை, கேட்டால் வெறும் கரகர. ஒலி அளவைப் பாதியாகக் குறைத்தேன், மைக்கை நான்கடி பின்னால் நகர்த்தினேன், மின்விசிறிக் காற்று மோதாமல் அதற்குப் பஞ்சுறை மாட்டினேன். மூன்றாவது பதிவு சுத்தமாக வந்தது. பழுது பார்க்கும் அறையில் கிடந்த, பேரிங் தேய்ந்த பழைய மோட்டாரை ஓடவிட்டு இன்னொன்றும் பிடித்தேன். சாப்பாட்டு நேரத்துக்குள் இரண்டையும் இருபது நொடிக்கு வெட்டி, வெப்சைட் பக்கத்தில் ஏற்றிவிட்டேன்.

மேலாளர் வந்து உட்கார்ந்தார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஸ்பீக்கரில் கெட்ட மோட்டாரைப் போட்டேன். கை கழுவப் போயிருந்த ஸ்டெல்லா அக்கா, "பேரிங் போச்சி, நிறுத்துங்கடா!" என்று ஈரக்கையோடு ஓடிவந்து, ஏற்கெனவே நின்றிருந்த மோட்டாரின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தார்.

மேலாளர் சிரித்து முடிக்க நேரமானது. "திங்கக்கிழமையே புது ஆளுங்களுக்கு இந்தப் பக்கத்தைப் போட்டுடலாம்மா" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

இப்படிப் போகிறவர்களுக்கு: மெஷினை நிறுத்த வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மூலப் பதிவைச் சுருக்காமல் வைத்துக்கொண்டு, வெப்சைட்டுக்கு மட்டும் எம்பி3 ஆக்குங்கள். பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்க மட்டும் விடாதீர்கள். எங்காவது ஒரு ஸ்டெல்லா அக்கா நிஜமாகவே ஆலையை நிறுத்திவிடுவார்.