றஞ்சனா ரீச்சரின் மூன்று கிலோ

சூட்கேஸ் அடுக்குவதில் றஞ்சனா ரீச்சரை மிஞ்ச குண்டசாலையில் ஆளில்லை. டுபாய்க்கு வேலைக்குப் போகிறவரானாலும் சரி, கனடாவுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போகிறவரானாலும் சரி, மூடாத பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடைசியில் ரீச்சருக்குத்தான் ஓட்டோ அனுப்புவார்கள். ரீச்சர் வந்ததும் எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டச் சொல்லுவார். கொட்டியதில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்து, "இது என்னத்துக்கு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் பாதிச் சாமானை அலுமாரிக்குள் ஒளித்துவிட்டுத்தான் அவரைக் கூப்பிடுவார்கள்.

வித்தை ஒன்றும் மந்திரமில்லை. முப்பத்தொரு வருடம் கண்டியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர் அவர். பிள்ளைகளைக் காலிக்கும் கொழும்புக்கும் விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப் போகும்போது ஆளுக்கு ஒரு பைதான், அதுவும் மடியில்தான். சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் சவர்க்காரம், உடுப்பெல்லாம் இறுக்கமாகச் சுருட்டி நிறுத்தி, பாரமானது எப்போதும் அடியில். உருட்டிப் போகச் சில்லு வைத்த சூட்கேஸ்கள் வந்த பிறகும் கணக்கு மாறவில்லை. பாரம் சில்லுப் பக்கம் போக வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி குப்புற விழும்.

இவ்வளவு தெரிந்தவர் தன் சொந்தப் பெட்டியில் மட்டும் ஏமாந்தார். ஐந்து வருடத்துக்கு முன் ரொறன்ரோவில் இருக்கும் மகன் லவனிடம் போனபோது, ஊரிலுள்ள அத்தனை பேரும் "ஒரு சின்னப் பாசல்தான்" என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். யாருக்கும் இல்லையென்று சொல்லவில்லை. தனக்கென்று மூன்று சேலையோடு போய் இறங்கி, மருமகளின் கை குட்டையான ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, மூன்று கிழமை வீடு வீடாகப் பாசல் கொடுத்தார். ஒரு வீட்டுப் பெண் அவர் முன்னாலேயே பாசலைப் பிரித்துவிட்டு, "இதெல்லாம் இஞ்ச கடையில கிடக்கு அன்ரி, ஏன் சுமந்தனீங்கள்?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை ரீச்சர் இன்றுவரை மன்னிக்கவில்லை. தன்னையும் மன்னிக்கவில்லை.

இப்போது வயது அறுபத்திரண்டு. பென்சன் எடுத்த அடுத்த வாரமே, பள்ளிக்கூட நாளில் விட்ட குண்டு போடுதல் விளையாட்டை மறுபடி தொடங்கினார். தினமும் விடியற்காலையில் மைதானத்தில் ஒரு மூலை அவருக்கு. கெலிஓயாவிலிருந்து வரும் சிநேகிதி பஸ்லினா வேகநடை நடப்பாள், ரீச்சர் இரும்பை எறிவார். பார்த்துச் சிரித்தவர்கள் சிரித்து அலுத்துப் போனார்கள். மலேசியாவில் மூத்தோர் போட்டிக்கு இருவரும் தெரிவானார்கள். அவர் வயதுப் பிரிவுக்கு மூன்று கிலோ குண்டு. தன்னுடையதையே கொண்டுபோய் நடுவர்களிடம் நிறுத்துக் காட்டி எறியலாம். அங்கேயும் குண்டு தருவார்கள்தான், ஆனால் அது யாருடைய விரலுக்கு அளவானதோ, யார் கண்டது. ரீச்சரின் குண்டு கொஞ்சம் சிறியது, அவருடைய விரல்களுக்குள் சரியாக உட்காரும். நாலு வருடமாக அதைத்தான் எறிகிறார்.

விமானத்தில் இருபது கிலோ. வெறும் பெட்டியே மூன்று கிலோ, குண்டு மூன்று, சப்பாத்தும் உடுப்பும் மற்றதும் பதினொன்று. மிச்சம் மூன்று கிலோவைக் கணவர் பரமநாதனின் அக்கா லீலாதேவிக்கு விட்டுக்கொடுத்தார். கோலாலம்பூரில் இருக்கும் தன் மகள் மதனிக்கு மச்சாள் ஏதாவது அனுப்ப ஆசைப்படுவா என்று தானாகவே சொன்னார். மச்சாள் அனுப்பியது இரண்டு பாசல். ஒவ்வொன்றும் மூன்று கிலோ. ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, மற்றதைத் திருப்பிக் கொடுக்கும்படி பரமநாதனிடம் நீட்டிவிட்டு ரீச்சர் குளிக்கப் போனார்.

பரமநாதன் நல்ல மனுஷர். நல்ல மனுஷர் என்பதாலேயே அவருக்கு யாரிடமும் முகம் முறிக்கத் தெரியாது, அக்காவிடம் அறவே முடியாது.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் ரீச்சர் பூட்டியிருந்த பெட்டியைத் தூக்கி நிறுத்தினார். கைத்தராசு இருபது என்றது. ஆனால் கையை எடுத்ததும் பெட்டி மெதுவாக முன்னுக்குச் சாய்ந்து விழுந்தது. மறுபடி நிறுத்தினார். மறுபடி விழுந்தது. ரீச்சர் அடுக்கிய பெட்டி விழாது. திறந்தார். சில்லுப் பக்க மூலையில் குண்டைச் சுற்றியிருந்த துவாய் காலியாகக் கிடந்தது. மேல்பக்கத்தில், அவருடைய உடுப்புகளை நசுக்கிக்கொண்டு, மச்சாளின் இரண்டாவது பாசல். மிளகாய்த்தூள் மணம் விளையாட்டுச் சட்டைகளிலெல்லாம் ஏறியிருந்தது.

"இஞ்சருங்கோ, என்ர குண்டு எங்க?"

பரமநாதன் பேப்பரைக் கீழே வைக்கவில்லை. "கதிரைக்குக் கீழ இருக்குது. மூண்டு கிலோவுக்கு மூண்டு கிலோ, நிறை பிசகேல்லை. அங்க குண்டு குடுப்பினம் எண்டு நீர்தானே சொன்னனீர்? தூள் அங்க குடுக்க மாட்டினமே."

 கள்ளத்தனமாக எடுத்ததுகூட ரீச்சருக்குப் பெரிதில்லை. இரும்பும் தூளும் ஒன்றென்று, இந்த நாலு வருட விடியற்காலைகளுக்கு எதை மாற்றி வைத்தாலும் சரிதான் என்று, தன் வீட்டுக்குள்ளேயே ஒருவர் நினைத்துவிட்டாரே என்பதுதான் சுட்டது. ரீச்சர் இரண்டு பாசலையும் வெளியே எடுத்து மேசையில் வைத்தார். விட்டுக்கொடுத்த மூன்று கிலோவும் அதோடு போயிற்று. சட்டைகளை உதறி மறுபடி சுருட்டினார். குண்டைத் துவாயில் சுற்றி மூலையில் வைத்தார். தராசு பதினேழு காட்டியது.

"இன்னும் மூண்டு கிலோ இருக்குதே," என்றார் பரமநாதன், இறங்கிய குரலில். "ஒரு பாசலையாவது வையுமன்."

"இருக்கட்டும்."

"வெறுமையாவே?"

"ஓம். வெறுமையா."

வழியனுப்ப வந்த லீலாதேவி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மேசையைப் பார்த்துவிட்டா. பாசல் இரண்டும் அங்கே இருந்தன. தம்பியைப் பார்த்தா. தம்பி பேப்பரைப் பார்த்தார்.

"இதென்ன றஞ்சனா, என்ர பிள்ளை ஆறு மாசமா எங்கட தூள் இல்லாமல் கிடக்கிறாள். உமக்கு இரும்பு பெரிசாப் போச்சோ?"

"பெரிசுதான் மச்சாள். ஒண்டு கொண்டு போவம் எண்டுதான் இருந்தன். உங்கட தம்பி என்ர குண்டை எடுத்துப்போட்டு மற்றதையும் வைச்சார். இனி ஒண்டும் கொண்டு போகேல்லை. மதனியோட நான் கதைக்கிறன்."

லீலாதேவி கதிரையில் உட்காரவில்லை. கோபத்தில் முகம் சிவந்து, கண்ணும் கொஞ்சம் கலங்கியிருந்தது. மகளை நினைத்துத்தான் கலங்கியது, ரீச்சருக்கும் அது விளங்கியது. விளங்கியும் பாசல் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.

"அறுபது தாண்டின பொம்பிளை காற்சட்டையும் போட்டுக்கொண்டு எறியப் போறீர். நாலு சனத்துக்கு முன்னால தோத்துப்போட்டு வந்தால் ஆருக்கு வெக்கம், சொல்லும்?"

ரீச்சர் சூட்கேசை இழுத்து நடுவீட்டில் நிறுத்தினார். கையை எடுத்தார். அது நின்றது.

"தோத்தாலும் என்ர குண்டோட தோத்திட்டு வாறன், மச்சாள்."

பரமநாதன் எழுந்து இரண்டு பாசலையும் தூக்கிக்கொண்டு அக்காவுக்கு ஓட்டோ பிடிக்கப் போனார்.