ஆறு துண்டாக ஒரு டச்சு வார்த்தை

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கின் வாசல். உச்சி வெயில். நாளைக்கு ஹாலந்திலிருந்து முதலாளி வருகிறாராம். அவரைக் குளிர்விக்க, திருச்சிக்கார சூப்பர்வைசர் மூட்டை தூக்கும் ஆட்களை வரிசையாக நிறுத்தி ஒரு டச்சு வார்த்தையை மனப்பாடம் செய்ய வைக்கிறார். சரக்கு ரயில் போல நீளமான வார்த்தை. அதை ஆறு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு கைதட்டு.

"ஃபெய்-லிக்-ஹெய்ட்ஸ்-ஃபோர்-ஸ்க்ரிஃப்-டன்! முதல் துண்டுலதான்யா அழுத்தம். கடைசியில போய் இழுக்காதீங்க!"

டச்சுக்காரனைப் பெற்றவள்கூட அவனுக்கு இவ்வளவு அக்கறையாகச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டாள்.

எதிர்ப்புற டீக்கடையில் என் பக்கத்தில் நிற்கும் பரமக்குடி முருகேசனும் அங்கே வேலை செய்பவர்தான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்கிறேன்.

"பாதுகாப்பு விதிமுறையாம்ண்ணே."

அவர் காலில் ரப்பர் செருப்பு. பெட்டி விழுந்து நசுங்கிய பெருவிரலில் துணிக்கட்டு.

"ஷூ தரலையா?"

"இருக்குண்ணே, ஸ்டோர்ல பூட்டி வச்சிருக்காங்க. நாளைக்குக் குடுப்பாங்க. முதலாளி கார் ஏறிட்டா கலாஸ், தொடச்சுத் திருப்பிக் குடுத்துடணும்."

சூப்பர்வைசர் கூப்பிடுகிறார். முருகேசன் நொண்டிக்கொண்டே போய் வரிசையில் நின்று கத்துகிறார். அழுத்தம் முதல் துண்டில் கச்சிதமாக விழுகிறது.

"சபாஷ்!" என்று சூப்பர்வைசர் கைதட்டுகிறார். அவர் காலில் பளபளவென்று ஷூ.