கொடுவா மீனுக்குப் போட்ட மருந்து

மயிலிட்டியில் இருந்தவரை இராசமலர் கடலில் கால் நனைத்தது கரையோடு சரி. கடல் அவளுடைய புருஷன் தேவராசாவின் பாடு. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிக் கொழும்புத்துறைக்கு வந்தபின் எல்லாம் தலைகீழானது. ஆழ்கடலுக்குப் போகத் தடை. சும்மா இருந்து பழகாத மனிதர் வாசலிலேயே குந்தியிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், கரையோரத்து ஆழமில்லாத பரவைக்கடலில் தடி நட்டு, வலை அடைத்துக் கொடுவாக் குஞ்சு வளர்ப்போம் என்றாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, சூடை மீனை அரிந்து போட்டு வளர்த்ததும் அவள்தான்.

மீன் முழங்கை நீளம் வந்த வெக்கைக் காலத்தில் நோய் விழுந்தது. வயிற்றில் சிவந்த புண், நீந்தும் செட்டையெல்லாம் அழுகல், வெளுத்த கண். விடிந்தால் நாலைந்து செத்து மிதந்தன. முன்பு மீன்பிடித் திணைக்களத்தில் வேலைபார்த்த சோமசேகரம் வந்து பார்த்தார்.

"இது பக்டீரியா, தங்கச்சி. தண்ணி சூடேறினால் பெருகும். தீனோடை மருந்து குடுத்தால் மிச்சம் தப்பும்."

வடக்குக்கு மருந்து வராத காலம். அவரே அங்கே இங்கே கேட்டு, மனிதருக்குக் கொடுக்கும் டெட்ராசைக்கிளின் குளிசை ஒரு போத்தல் கொண்டுவந்தார். இராசமலர் அதைப் பொடியாக்கித் தீனில் பிசைந்து, போத்தல் முடியுமட்டும் போட்டாள்.

அதற்கு மறுநாள், செத்த மீனை அள்ளிய தேவராசாவின் உள்ளங்கையில் செட்டை முள் ஏறியது. அவர் அதைக் கணக்கெடுக்கவில்லை. பின்னேரம் கை வீங்கியது. விடிய முழங்கைவரை கறுத்துக் கொப்புளம் போட்டிருந்தது.

"மீன்ரை கிருமிதான் போலை," என்றார் ஆஸ்பத்திரி டாக்குத்தர். "டெட்ராசைக்கிளின் குடுக்கவேணும். எங்களிட்டை முடிஞ்சுது. ஆரிட்டையாவது இருக்கோ?"

போத்தல் முழுதையும் மீனுக்குப் போட்டுவிட்டதாக இராசமலர் சொன்னாள். தேவராசா அவளுடைய முகத்தைப் பார்த்தார்.

"நீ மனசைப் போட்டுக் குழப்பாதை. எங்கடை சீவியத்துக்குத்தானே போட்டனி."

"நாலு குளிசை எடுத்து வைச்சிருக்கலாம்."

"ஆருக்குத் தெரியும்?" என்றார் அவர்.

கையை வெட்டியும் உயிர் தங்கவில்லை.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. செத்த எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவு முடியுமுன்பே அவள் தீன் வாளியோடு தண்ணீரில் இறங்கினாள். மகள்மார் இருவரையும் வேறெப்படிக் காப்பாற்றுவது? மாரி தொடங்க வலையை இழுத்தபோது, வாங்க வந்தவர்கள் மீனின் கொழுமையைப் புகழ்ந்தார்கள். ஒன்றைக் குழம்புக்கு எடுக்கட்டோ என்று மூத்தவள் கேட்டாள்.

"ஓம், எடு," என்றாள் இராசமலர்.

காய்ச்சி, முள் பார்த்துப் பார்த்து எடுத்து மகள்மாருக்குக் கொடுத்தாள். தன் வெறுஞ்சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.