கைப்பிடிச் சுவரில் ஒரு சிவப்புக் கோடு

பாடாலூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது ஜமீலா அக்காவின் மகன் அழைத்தான். "மாமா, அம்மா மவுத்தாயிட்டாங்க." அக்கா இறந்துவிட்டார் என்று கேட்டும் எனக்கு முதலில் அழுகை வரவில்லை. முந்தின நாள் மாலை நான் அனுப்பிய படத்தைப் பார்த்தாரா என்ற கேள்விதான் வந்தது. அந்த நேரத்தில் எப்படிக் கேட்பது?

பெரம்பலூரில் எங்கள் நிலத்தடி நீர்ப் பயிற்சி மையத்துக்கு வந்தவர்கள் யாரும் அங்கே பயிற்சி கொடுத்த அக்காவின் அதட்டலை மறந்திருக்க முடியாது. வெளிநாட்டு அதிகாரி, உள்ளூர் அதிகாரி என்ற பேதமெல்லாம் அந்த அதட்டலுக்குக் கிடையாது. கூட வேலை பார்த்த நானும் தப்பியதில்லை.

போன வருடம் பக்கத்துப் பக்கத்து நாடுகளிலிருந்து இரண்டு பொறியாளர்கள் வந்தார்கள். எல்லையின் இருபுறமும் ஒரே நிலத்தடி நீரைத்தான் இறைக்கிறார்கள். எல்லைக் கிணறுகளின் நீர்மட்டத்துக்கு இவர் எடுக்கும் அளவும் அவர் எடுக்கும் அளவும் ஒத்துப்போவதே இல்லை. மற்றவர் பொய்க் கணக்குக் காட்டுகிறார் என்று இருவருக்கும் சந்தேகம். சாப்பாட்டுக்குக்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள்.

அக்கா இருவரையும் அரும்பாவூரில் ஒரு விவசாயியின் கிணற்றுக்கு அழைத்துப்போய், ஒருவர் பின் ஒருவராக அளக்கச் சொன்னார். அங்கேயும் அளவு வேறுபட்டது. இருவர் முகமும் சிவந்துவிட்டது. அக்காவோ சிரித்தார். ஒருவர் கைப்பிடிச் சுவரின் மேலிருந்து நாடாவை விட்டிருந்தார். மற்றவர் தரை மட்டத்திலிருந்து. அவரவர் நாட்டு வழக்கம் அப்படி.

"ரெண்டு பேரும் பொய் சொல்லலைங்க. எங்கேருந்து அளக்குறீங்கன்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கலை, அவ்வளவுதான்."

பையிலிருந்து பெயின்ட் டப்பாவை எடுத்துச் சுவரில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். இனி இருவரும் அங்கிருந்துதான் அளக்க வேண்டும்.

விவசாயி சும்மா இருக்கவில்லை. "என் கிணத்துக்குப் பொட்டு வச்சுட்டீங்களேம்மா!"

"அழிஞ்சா வந்து திரும்ப வைக்கிறேன், போங்க."

அன்று மதியம் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். ஊருக்குப் போய் எல்லைக் கிணறுகளிலும் கோடு போட்டு, சேர்ந்தே அளப்பதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். பிறகு மாதக்கணக்கில் சத்தமே இல்லை. படுக்கையில் விழுந்த பிறகும் அக்கா போன் செய்வார். "ஏதாவது சேதி வந்துச்சா?" வரும்க்கா என்பேன். எனக்கே நம்பிக்கை விட்டுப்போயிருந்தது.

கடைசியில் அந்தப் படம் வந்தது. எல்லையோரக் கிணறு ஒன்று, சுவரில் சிவப்புக் கோடு, ஒரே நாடாவைப் பிடித்தபடி அவர்கள் இருவரும். வந்த கையோடு அக்காவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை அவர் இல்லை.

அக்காவின் ஊரான லப்பைக்குடிக்காட்டில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, மனம் கேட்காமல் அவர் மகனிடம் கேட்டுவிட்டேன்.

"பாத்தாங்க மாமா. பெருசாக்கிப் பெருசாக்கிப் பாத்தாங்க. அப்புறம், 'கோடு கோணலா இருக்கு, ஒங்க மாமாகிட்ட சொல்லு'ன்னாங்க."

அத்தனை பேர் நடுவில் நான் சிரித்துவிட்டேன். அழுகையும் அப்போதுதான் வந்தது.

இப்போது யார் சண்டைக்கு வந்தாலும், எங்கேருந்து அளக்குறீங்க என்று கேட்கத்தான் வாய் வருகிறது. அவருடைய பாதி டப்பா பெயின்ட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அரும்பாவூர்க் கிணற்றில் கோடு மங்கிவிட்டதாம். நாளைக்குப் போகிறேன்.

நேராகப் போடுகிறேன், அக்கா.