கல்லில் வெட்டிய வினைச்சொல்

மிலுங்காவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவன் ஒப்ரென் செர்பியாவின் அரில்யே மலைச்சரிவில் ராஸ்ப்பெரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு அவளோடு இருந்தான். இளையவன் கோஸ்தா ஆஸ்திரியாவில் லாரி ஓட்டினான். ஒரு கோடையில் ஊற்றுத் தண்ணீருக்காகச் சண்டை போட்டதிலிருந்து அண்ணனும் தம்பியும் முகம் பார்ப்பதில்லை. அப்பா ராதிசாவ் இறந்தபோதும் கோஸ்தா வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மிலுங்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்தே அவள் அதிகம் பேசாதவள்.

அரையாண்டு நினைவுநாளுக்குள் கல்லறையில் கல் நிற்க வேண்டும். ஒப்ரென் கல்வெட்டுகிறவனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

"அடியில என்ன எழுதச் சொன்ன?"

"எல்லாரும் எழுதுறதுதாம்மா. 'போதிஜே மகன் ஒப்ரென்'னு."

போதிஜே என்றால் இந்தக் கல்லை எழுப்புகிறான். எழுப்பினான் என்றும் கொள்ளலாம். செர்பிய மொழியில் அந்த ஒரு வடிவமே இரண்டுக்கும் போதும். ஆண், பெண் பேதமும் அதில் கிடையாது. ஆனால் எழுப்புவது ஒருவருக்கு மேல் என்றால் கடைசி எழுத்து மாறி 'போதிஜு' ஆகிவிடும். எந்த வீட்டில் யாரோடு யாருக்குப் பேச்சில்லை என்பதை அந்த ஓர் எழுத்தை வைத்தே ஊரார் சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் மிலுங்கா பஸ் பிடித்துக் கல்வெட்டுகிற திஹோமிரிடம் போனாள். கறுப்புக் கல்லில் கணவர் பெயர் இருந்தது. பக்கத்தில் அவள் பெயர், பிறந்த வருடம், ஒரு கோடு, அப்புறம் வெற்றிடம். உயிரோடிருக்கும் துணையின் பெயரையும் சேர்த்து வெட்டுவது அங்கே வழக்கம்; அது அவளைத் தொந்தரவு செய்யவில்லை. கீழே 'போதிஜே' வரை வெட்டியாகிவிட்டது. அடுத்த சொல் இன்னும் வரவில்லை.

"அந்தக் கடைசி எழுத்த மாத்து, திஹோமிர். ரெண்டு பேரா ஆக்கு."

"வெட்டினத எப்படிக்கா ஒட்டுறது? இது என்ன மாவா?"

"அப்ப வேற கல்லு எடு."

"எடுக்கலாம். உங்க ஒப்ரென் என்னைத்தான் அதுக்கடியில படுக்க வைப்பான்."

அவன் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோப்பை காலியானதும் கேட்டாள்.

"குடும்பம்னு போட்டா இந்தச் சொல்லு நிக்குமா?"

"நிக்கும். வீட்டுல எத்தன பேர் இருந்தாலும் குடும்பம் ஒண்ணுதானே."

"அப்ப வெட்டு. நான் இருக்கும்போதே வெட்டிடு."

"ஒப்ரென் வந்து கேட்டா?"

"அம்மா சொன்னான்னு சொல்லு."

கடைசி எழுத்து முடியும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

ஒப்ரென் ஒரு வாரம் அவளோடு பேசாமல் இருந்தான். அவள் வழக்கம்போல் சூப் வைத்தாள். அவனும் வந்து சாப்பிட்டான்.

நினைவுநாளன்று கோஸ்தா வந்தான். பாதிரியார் போனபின் கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருவனும் அந்தப் பக்கம் ஒருவனுமாக நின்று, நினைவுநாளுக்கென்று செய்த இனிப்புக் கோதுமையைக் கரண்டியால் எடுத்துத் தின்றார்கள். கோஸ்தா எழுத்தைப் படித்தான்.

"என் பேரக் காணோம்."

"என் பேரு மட்டும் இருக்கா?" என்றான் ஒப்ரென்.

இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். மிலுங்கா கல்லின் அடியில் கொஞ்சம் ராக்கியாச் சாராயம் ஊற்றிவிட்டு, மீதியை இருவர் கையிலும் கொடுத்தாள். குடித்தார்கள்.

கோஸ்தா மதியச் சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. அவன் காரை எடுத்தபோது, வழியில் நின்ற டிராக்டரை ஒப்ரென் ஓரமாக நகர்த்திக் கொடுத்தான்.